கும்பினி முதல் கம்பெனி வரை

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகாலுக்குச் செல்லும் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில், சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். என்னிடம் மூன்றாண்டுகள் இளங்கலைத் தமிழ் பயின்றவர். நீலச் சீருடையில் இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பெண் பார்த்து வந்த செய்தியைச் சொன்னார். பெண் வீட்டார் முதலில் கேட்ட கேள்வி ஊரையோ படிப்பையோ பற்றியதன்று. "மாப்பிள்ளை கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா?" என்பதே அது.

"என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"உண்மையைத்தாங்கய்யா சொன்னேன். மூணு வருசமா கம்பெனியிலதான் இருக்கேன். ஆனா கம்பெனி ஆளு இல்ல."

தமிழாசிரியனுக்கு உடனே இலக்கணம்தான் நினைவுக்கு வரும், அது தொழில்நோய். 'கம்பெனியில்' என்பது ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். 'கம்பெனியின் ஆள்' என்பது ஆறாம் வேற்றுமை, கிழமைப்பொருள். இவ்விரு வேற்றுமைகளுக்கும் இடையே ஒரு திருமணம் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று பேருந்தில் திரும்பும்போது அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். கம்பெனி என்ற ஆங்கிலச் சொல் நம்மிடையே எத்தனை வேடங்களைப் பூண்டிருக்கிறது! அவற்றுள் சிலவற்றை இலக்கிய அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

*

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். இலத்தீன் மொழியில் 'கொம்' என்றால் உடன். 'பானிஸ்' என்றால் ரொட்டி. உடன் அமர்ந்து ரொட்டி உண்பவன் 'கொம்பானியோ'. அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தவை துணைவன் என்னும் பொருள்படும் 'கம்பேனியன்', கூட்டம் என்னும் பொருள்படும் 'கம்பெனி' ஆகிய இரண்டும். நம் வழக்கில் சொல்வதானால், ஒரே பந்தியில் இலை போட்டு உண்டவர்கள்.

ஆங்கிலத்தில் இச்சொல் பல கிளைகளாய்ப் பிரிந்தது. வீட்டிற்கு விருந்தினர் வந்திருந்தால் 'கம்பெனி வந்திருக்கிறது' என்பர். கப்பலில் பணிபுரியும் மாலுமிகள் அனைவரும் சேர்ந்து அக்கப்பலின் கம்பெனி. படையில் ஒரு பிரிவு கம்பெனி. நாடகக் குழு கம்பெனி. வணிகக் கூட்டு கம்பெனி. பிரிந்து செல்வதைக் கம்பெனியைப் பிரிப்பது என்பர். இருவர் என்றால் துணை, மூவர் என்றால் கூட்டம் என்பது அவர்கள் பழமொழி. அதில் துணை என்னும் இடத்தில் நிற்பது கம்பெனிதான். ஒருவன் சேரும் கம்பெனியைக் கொண்டு அவனை அறியலாம் என்பது மற்றொன்று. திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்', 'சிற்றினம் சேராமை' என்னும் அதிகாரங்களைப் படித்தவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. வள்ளுவர் 'இனம்' என்ற இடத்தில் ஆங்கிலேயன் 'கம்பெனி' என்றான், அவ்வளவே.

இக்கிளைகளுள் நம் கடற்கரையில் முதலில் வந்திறங்கியது வணிகக் கிளை. 1600-ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று இங்கிலாந்து அரசி எலிசபெத் இலண்டன் வணிகர்களுக்குப் பட்டயம் வழங்கினார். 1602-இல் ஒல்லாந்தர் தம் கம்பெனியை அமைத்தனர். 1616-இல் தொடங்கிய தேனியர் கம்பெனி 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியது. 1664-இல் பிரெஞ்சுக் கம்பெனி தோன்றி, பத்தாண்டுகளில் புதுச்சேரியில் காலூன்றியது. ஆக, பழவேற்காடு முதல் தூத்துக்குடி வரையிலான கரையில் நான்கு கம்பெனிகள். தமிழன் நாவில் அச்சொல் 'கும்பினி' ஆயிற்று. 'கும்பெனி' என்றும் வழங்கிற்று.

வணிகக் குழு என்பது தமிழர்க்குப் புதிதன்று. கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான். சாத்து என்றால் வணிகக் கூட்டம். சோழர் காலத்து ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் கிடைத்தது. மணிக்கிராமத்தாரின் பெயர் தாய்லாந்தின் தகுவாபா கல்வெட்டில் உள்ளது. சாத்து, மணிக்கிராமம், நானாதேசி என்று இத்தனை சொற்கள் இருந்தும், வந்தவர்களை நம் முன்னோர் அவற்றுள் ஒன்றாலும் அழைக்கவில்லை. சாத்து ஊருக்குள் வரும், விற்கும், வாங்கும், கோயிலுக்கு ஏதேனும் எழுதிவைத்துவிட்டுப் போகும். கோட்டை கட்டிப் பீரங்கி ஏற்றி வரி வாங்கிய வணிகக் கூட்டத்திற்கு அச்சொல் பொருந்தவில்லை போலும். புதிய பொருளுக்குப் புதிய சொல்லே வேண்டியிருந்தது.

அப்புதிய சொல்லுக்குத் தமிழர் செய்த ஒரு காரியம் எனக்கு வியப்பளிப்பது. 'கும்பினி' என்பதோடு 'ஆர்' விகுதி சேர்த்துக் 'கும்பினியார்' என்றனர். அரசனுக்கும் பெரியோருக்கும் உரிய மதிப்புப் பன்மை அது. வடக்கே 'கம்பெனி பகதூர்' என்றார்கள். பல்லாயிரம் கல் தொலைவில் இலண்டனில் கூடும் பங்குதாரர் கூட்டத்தை ஓர் ஆளாகவே கருதினர். இதைப் பேதைமை என்று எள்ளிய வெள்ளையர் உண்டு. ஆனால் 1897-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, சாலமன் என்ற காலணி உற்பத்தியாளரின் வழக்கில் உறுதிசெய்தது என்ன? கம்பெனி என்பது அதன் உரிமையாளரிலிருந்து வேறான, சட்டத்தின் பார்வையில் தனித்த ஓர் ஆள் என்பதையே. 'ஆர்' விகுதி சேர்த்த நம் பாட்டன்மார் சட்டத்திற்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்துவிட்டனர்.

அதே சொல்லுக்குக் கதைப்பாடல் மரபு வேறொரு விகுதியைத் தந்தது. அங்கே 'கும்பினியான்'. 'ஆர்' பணிந்தவன் சொல்; 'ஆன்' எதிர்த்தவன் சொல். வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. சரியாக 107 ஆண்டுகள் கழித்து, 1906 அக்டோபர் 16 அன்று, அதே தென்பாண்டிச் சீமையில் ஒரு கம்பெனி பதிவு செய்யப்பட்டது: சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. வ.உ.சி. அதற்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆகப் பத்து இலட்சம் மூலதனம் என்று திட்டமிட்டார். 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் வந்தன. 1908-இல் அவர் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஒல்லாந்தர் கம்பெனியின் பெயர்ச்சுருக்கமும் ஆங்கில எழுத்தில் 'வி.ஓ.சி.' தான். அந்தக் கம்பெனி 1658 முதல் வைத்திருந்த தூத்துக்குடியிலேயே இந்த வி.ஓ.சி. கப்பல் விட்டார் என்பது வரலாறு தற்செயலாய்ச் செய்துவைத்த சிலேடை. எதிரியின் சொல்லை எடுத்து எதிரியோடு போரிட்டவர் அவர்.

பாக் நீரிணையைத் தாண்டினால் இச்சொல்லின் இருண்ட முகம் ஒன்றைக் காணலாம். கொழும்பு நகரின் நடுவே ஒரு பகுதி. ஆங்கிலத்தில் அதற்கு நெடுங்காலம் வழங்கிய பெயரின் பொருள் 'அடிமைத் தீவு'. ஒல்லாந்தர் கம்பெனி தன் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம். தமிழில் அதன் பெயர் 'கொம்பனித் தெரு'. சிங்களத்திலும் இதே பொருளுடைய பெயர்தான். ஒரே நிலத்தை ஒரு மொழி அடிமையின் பெயரால் அழைக்கிறது. மற்ற இரண்டும் அவனை உடைமையாகக் கொண்டவன் பெயரால் அழைக்கின்றன. இந்தோனேசியாவிலும் ஒல்லாந்தர் ஆட்சிக்குக் 'கொம்பெனி' என்றே பெயர். ரொட்டியைப் பகிர்ந்துண்ட சொல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது, பாருங்கள்.

*

இனி வல்லம் வடகாலுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் ஏரிகளும் வாய்க்கால்களும் மிகுந்த பகுதியில் உள்ள ஊர்கள் வல்லமும் வடகாலும். 'கால்' என்பதற்கு அகராதியைப் புரட்டினால் காற்று, தூண், நான்கிலொன்று, காலம், வண்டி, வாய்க்கால் என்று பொருள்கள் விரியும். வடகாலில் உள்ள கால் நீரோடும் கால் என்றே கொள்ளத் தோன்றுகிறது. பல பொருள் ஒரு சொல்லுக்கு ஆங்கிலம்தான் போக வேண்டுமா என்ன?

இன்று வல்லம் வடகால் என்றால் சிப்காட் தொழிற்பூங்கா. ஆனால் கம்பெனி இங்கு வந்தது இப்போதுதான் என்று எண்ணிவிடலாகாது. 1763-இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, தன் கடனுக்கும் கும்பினியார் செய்த உதவிக்கும் ஈடாகச் செங்கல்பட்டுப் பகுதியைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1765-இல் முகலாயப் பேரரசரும் அதை உறுதிசெய்தார். காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்கள் அந்த ஜாகீருக்குள் அடங்கியவை. ஆக, இவ்வூர்கள் 'கம்பெனி ஏரியா' ஆகி இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகிறது!

நிலம் கைக்கு வந்ததும் கும்பினி கணக்குக் கேட்டது. பொறியாளர் தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் ஊர்களை அளந்தார். எந்த ஊரில் எவ்வளவு ஏரி, எவ்வளவு நஞ்சை, எத்தனை வீடு, களத்தில் குவியும் நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, காவல்காரனுக்கு, வெட்டியானுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் அக்கணக்குகளில் காணலாம். தரம்பால் போன்றவர்களும் அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்களும் இவற்றை நம் காலத்தில் மீண்டும் கவனத்திற்குக் கொண்டுவந்தனர்.

இங்கே ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது: பங்கு. தொண்டை மண்டலத்து ஊர்கள் பல, பங்குகளாய்ப் பகுக்கப்பட்டிருந்தன. பங்குடையவர் மிராசுதாரர். திருக்குறளை மொழிபெயர்த்தவரும் திராவிட மொழிக்குடும்பக் கருத்தை முதலில் எடுத்துரைத்தவருமான எல்லிஸ், 1818-இல் வெளியான தம் மிராசுரிமை நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். நிலத்தைப் பொதுவில் வைத்துக் காலந்தோறும் மாற்றிக்கொள்வது பசுங்கரை. நிலையாகப் பிரித்துக்கொள்வது அருதிக்கரை. இன்று பங்குச் சந்தை என்றும் பங்குதாரர் என்றும் கம்பெனி மொழியில் நாம் வழங்கும் சொற்களுக்குப் பின்னே ஒரு களத்துமேடு இருக்கிறது.

அந்தக் களத்துமேட்டில் இன்னொருவரும் நின்றார். ஏர் பிடித்தவர், நாற்று நட்டவர், அறுத்தவர், போரடித்தவர். அவருக்குப் படி நெல் உண்டு, பங்கு இல்லை. படி வாங்குவதால் அவர் படியாள். பண்ணையில் கட்டுண்டவர் பண்ணையாள். பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர். தலைமுறை தலைமுறையாய் அந்த ஊரில் உழைத்தார். ஆனால் ஊரின் பங்கில் அவர் பெயர் இல்லை. 1891-இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராயிருந்த ட்ரெமன்ஹீர் இம்மக்கள் நிலையைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கைதான், மறு ஆண்டு பஞ்சமி நில ஆணைக்கு வழிவகுத்தது. கும்பினி 1858-இல் ஆட்சியை இழந்து, 1874-இல் கலைக்கப்பட்டுவிட்டது. அது கலைந்த பின்னும் படியாள் படியாளாகவே இருந்தார்.

*

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. ஊர் ஊராய்ச் சென்ற நாடகக் குழுக்கள் தாளில் 'சபா' என்று பெயர் வைத்துக்கொண்டன. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய சிறுவர் குழுவின் பெயர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. ஆனால் மக்கள் வாயில் எல்லாம் கம்பெனிதான். 'பாய்ஸ் கம்பெனி' என்பது தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. எம்.ஜி.ஆரும் பி.யு.சின்னப்பாவும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள். பிள்ளையைக் கம்பெனியில் விட்டுவிட்டால் அவனுக்கு மூன்று வேளை சோறு உறுதி என்பதே பல ஏழைத் தாய்மாரின் கணக்கு. சிறுவர்கள் ஒரே கூரையின்கீழ்த் தங்கினர். வரிசையாய் அமர்ந்து உண்டனர். கண்டிப்பும் அடியும் அங்கே குறைவில்லை. ஆயினும் 'உடனுண்போர்' என்னும் மூலப்பொருள், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பந்தியில் மீண்டும் உயிர்பெற்றது.

பின் அது சினிமாக் கம்பெனி ஆயிற்று. தொழிற்சாலைக்கும் வந்தது. ஆனால் எல்லா ஊரிலும் அன்று. கோவையில் மில், சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ், திருப்பூரில் பனியன் கம்பெனி. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் எல்லாமே கம்பெனி. கம்பெனி பஸ், கம்பெனி கேன்டீன், கம்பெனி லீவு. 'ஃபேக்டரி' என்ற சொல்லைக் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகப் பண்டகசாலைக்கு வழங்கியது. இன்று நாம் 'கம்பெனி' என்ற சொல்லைத் தொழிற்சாலைக்கு வழங்குகிறோம். இரண்டு சொற்களும் நாற்காலியை மாற்றிக்கொண்டன.

பேச்சுவழக்கிலோ சொல்லவே வேண்டாம். தனியாகப் படம் பார்க்கப் போகாதவன் 'கம்பெனி' தேடுகிறான். மது அருந்தாதவனும் நண்பருக்குக் 'கம்பெனி கொடுக்க' உட்கார்ந்து கடலையைத் தீர்க்கிறான். சொல்ல விரும்பாததைக் கேட்டால் 'அது கம்பெனி சீக்ரெட்'. விலை அதிகமென்றால் 'நம்ம கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது'. போலியில்லாத பொருள் 'கம்பெனி அயிட்டம்'. இவற்றுள் துணை என்னும் பழம்பொருள் 'கம்பெனி கொடுப்பதில்' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வல்லம் வடகாலில் 2017 முதல் ராயல் என்ஃபீல்டு ஆலை இயங்குகிறது. 1955-இல் திருவொற்றியூரில் வேர்விட்ட வண்டி அது. அதன் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் 1970-களின் தொடக்கத்திற்குள் மறைந்துவிட்டது. பிள்ளை மட்டும் பழைய கும்பினி ஜாகீரில் தழைத்து நிற்கிறது. வரலாற்றின் இந்தத் திருப்பத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் ரசனையோடு முடிந்துவிடும் கதையன்று இது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர், விடுதி உணவு நஞ்சாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். சில வாரங்கள் ஆலை மூடப்பட்டது. கூலி உயர்வுக்காக நடந்த போராட்டங்கள் பல உண்டு. இது சோற்றுக்காக நடந்தது. உலகப் புகழ்பெற்ற கைப்பேசி, அதைச் செய்யும் உலகப் பெருங்கம்பெனி, அதற்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர், விடுதி நடத்துபவர், சமையல் ஒப்பந்தம் எடுத்தவர் என்று நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணியில் ஒரு தட்டுச் சோறு. அந்தச் சோறு யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைச் சுட்டுவதற்கு இடமிருக்கும் அமைப்பு அது. 'கொம்', 'பானிஸ்' இரண்டும் அந்த நெடுஞ்சாலையில்தான் கணக்குக் கேட்டன என்பது என் எண்ணம்.

அதன் பின் மாற்றம் வராமல் இல்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலிலேயே 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு வளாகத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிடப் பெரிய பந்தி. எந்தெந்த மாவட்டத்துப் பெண்களோ ஒரே கூடத்தில் உண்கிறார்கள். வீட்டை விட்டு முதன்முறை வெளியே வந்து, தம் பெயரில் வங்கிக் கணக்கும் தம் கையில் சம்பளமும் காண்கிற பெண்கள். அவர்களுள் பலர் எங்களைப் போன்ற கல்லூரிகளில் படித்தவர்கள். அதைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன். படியாளின் பேத்திக்கு மாதச் சம்பளம் என்பது பெரிய செய்தி.

என்றாலும் 'ரோலா, கான்ட்ராக்டா' என்ற கேள்வி நிற்கிறது. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதன்மை வேலையளிப்பவர் என்றும் ஒப்பந்தக்காரர் என்றும் இருவரைப் பிரித்துக் கண்டது. அந்தப் பிரிவு இப்போது கல்யாணத் தரகரின் வாய்க்கு வந்துவிட்டது. ஒரே வரிசையில் நின்று ஒரே திருகாணியை முடுக்கும் இருவரில் ஒருவர் கம்பெனியின் ஆள், மற்றவர் கம்பெனியில் உள்ள ஆள். பங்குடையவனும் படியாளும் ஒரே களத்தில் நின்றது போலவே. ஒப்புமையை மிகைப்படுத்த விரும்பவில்லை. இன்றைய இளைஞர் கட்டுண்டவர் அல்லர், வேண்டாமென்றால் வேறு கம்பெனிக்குப் போகலாம். ஆனால் அங்கும் அதே இரண்டு வேற்றுமைகள்தாம் காத்திருக்கின்றன.

தேநீர்க் கடையில் என் மாணவர் கடைசியாக ஒன்று கேட்டார். "ஐயா, கம்பெனிக்குத் தமிழ்ல என்ன?"

"நிறுவனம்" என்றேன்.

சற்று யோசித்தார். "நல்ல சொல்லுதாங்கய்யா. ஆனா அதுல ஆளே இல்லையே."

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். நிறுவப்பட்டது நிறுவனம், கட்டடத்தையும் சொல்லலாம், சிலையையும் சொல்லலாம். உடன் உண்பவனை அச்சொல் அறியாது. அதற்குள் ஷிப்டுக்கான கம்பெனி பஸ் வந்துவிட்டது. தேநீருக்கு அவரே காசு கொடுத்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை. "நீங்க எனக்குக் கம்பெனி கொடுத்தீங்களே, அது போதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அந்தப் பெண் வீட்டார் இன்னும் பதில் சொல்லவில்லை என்று சென்ற வாரம் கேள்விப்பட்டேன்.